ஓர் ஆள் உட்காரும் இடைவெளி: நாகர்கோவில் சுவரோவியம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நாகர்கோவிலில் செட்டிக்குளம் பக்கத்துத் தெரு ஒன்றில் 60 அடி நீளம், 12 அடி உயரத்தில் ஒரு பழைய மதில் இருக்கிறது. அதன் அடியில் ஒன்றரை அடி உயரத்துக்குத் திண்டு ஓடுகிறது. உள்ளே இருப்பது ஒரு தனியார் கட்டடம். வெளியே டவுன் பஸ் நிற்கும். காலை எட்டரைக்கும் சாயங்காலம் நாலரைக்கும் அந்தத் திண்டில் உட்கார இடம் கிடைக்காது.

அந்த மதிலில் நாங்கள் மூன்று பேர் 2025 பிப்ரவரியில் ஓர் ஓவியம் வரைந்தோம். ஜூன் மழையில் அதன் கீழ்ப்பகுதி உரிந்தது. செப்டம்பரில் திரும்ப வரைந்தோம். இரண்டு தடவையும் என்ன நினைத்தோம், எது சரியாக வந்தது, எங்கே சறுக்கினோம் என்று எழுதி வைக்கிறேன். வரைபவர்களுக்கு வண்ணத்தைப் பற்றிய பகுதி உதவும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, படத்தில் ஒரு பையனுக்கும் ஒரு பெண்ணுக்கும் நடுவே எவ்வளவு இடம் விடுவது என்று நடந்த பேச்சுவார்த்தை.

கேட்டதும் பார்த்ததும்

கட்டடக்காரர் எழுபதைத் தாண்டியவர். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவர் கேட்டது இதுதான்: "நம்ம ஊரு இப்பம் மாநகராட்சி. டவுன்ல பிள்ளைய எல்லாம் ஒண்ணா, சந்தோசமா இருக்க மாதிரி ஒரு படம் வேணும்." நாகர்கோவில் மாநகராட்சியானது 2019இல். ஆறு வருடமாகியும் ஊர்க்காரர்கள் அதை நேற்று நடந்த காரியம் போலத்தான் சொல்வார்கள்.

இளைஞர்கள், நகரம், இணைப்பு என்று மூன்று சொல்லை நாங்கள் தாளில் எழுதியதும் அண்ணாச்சி சொன்னார்: "இணைப்புன்னா கண்ணாடிப் பாலம்தானே தம்பி, அதைப் போடுங்க." அப்போது பாலம் திறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 2024 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர். மாவட்டம் முழுக்க அதே பேச்சு. ஆனால் இந்த மாவட்டத்தில் பேக்கரி போர்டில் தொடங்கி முடிவெட்டும் கடைக் கண்ணாடி வரை அந்தப் பாறையும் 133 அடிச் சிலையும் இல்லாத இடமே இல்லை. இன்னொன்று வேண்டாம் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தோம். முகம் சுளித்தார், சரி என்றார். இரண்டு நிபந்தனை போட்டார். எல்லாரும் சிரிக்க வேண்டும். யார் கையிலும் போன் இருக்கக் கூடாது.

வரைவதற்கு முன்னால் இரண்டு வாரம் அந்தத் திண்டிலேயே நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தோம். முதலில் தெரிந்த விஷயம், நாகர்கோவிலின் இளவட்டத்தில் பாதிப் பேருக்கு மேல் நாகர்கோவில்காரர்களே இல்லை என்பது. திங்கள்நகர், ராஜாக்கமங்கலம், பூதப்பாண்டி, தோவாளை, மணவாளக்குறிச்சி என்று காலையில் பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். கல்லூரி, தையல் யூனிட், துணிக்கடை, செல்போன் கடை என்று பிரிந்து போகிறார்கள். இருட்டுவதற்குள் திரும்பப் பஸ் ஏறிவிடுகிறார்கள். பெரிய ஊர்களில் நகரம் என்றால் மாடிக் கட்டடம், மால் என்று ஏதாவது கண்ணில் வரும். இங்கே நகரம் என்பது பஸ் வருவதற்கு முன்னால் கிடைக்கும் அந்தக் கால் மணி நேரம்தான். படத்தின் களம் அதனால் தானாகவே முடிவாகிவிட்டது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள், பஸ்ஸுக்குள் இருப்பவர்கள், பின்னால் மணிமேடை என்கிற மணிக்கூண்டு, அதற்கும் பின்னால் நீல நிறத்தில் வேளிமலை. மணிமேடை 1893இல் எழுந்தது. அதைப் பார்த்து நேரம் சரிசெய்த தலைமுறை போய், அதன் அடியில் நின்று போனில் நேரம் பார்க்கிறார்கள்.

அப்புறம் பைகள். பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்கள் நிற்கிற பிள்ளைகளின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வது நமக்குப் பழகிப்போன காட்சி. ஜன்னல் ஓரத்தில் ஓர் அக்கா. மடியில் முதலில் அவருடைய சொந்தத் துணிப்பை, அதன் மேல் ஒரு கறுப்பு முதுகுப்பை, அதன் மேல் ஜிப் பாதி திறந்த இன்னொன்று, உச்சியில் ஒரு டிபன் பை. தாடை அந்த டிபன் பையில் இடிக்கிறது. பைக்காரர்கள் யாரென்று அவருக்குத் தெரியாது. யாரும் கேட்டதும் இல்லை, கை நீட்டி வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். இறங்கும்போது "ஆன்ட்டி, பேக்" என்ற இரண்டே சொல்லோடு அந்த உறவு முடிந்துவிடும். பெயர் தெரியாத மூன்று பேரின் புத்தகமும் சோறும் ஒரு மடியில் போகிறது. இதைவிட நல்ல இணைப்பை எந்தப் பாலத்தில் போய்த் தேடுவது? அந்த அக்காவைப் படத்தின் வலது ஓரத்தில், பஸ் ஜன்னலுக்குள் வைத்தோம்.

சிரிப்பு நிபந்தனை இரண்டாம் நாளே உதிர்ந்தது. காலை எட்டரைக்கு யாரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதில்லை.

போன் விஷயம்தான் எங்களையே திருத்தியது. வரும்போது நாங்களும் அண்ணாச்சியின் கட்சிதான். குனிந்த தலைகளை ஏன் கொண்டாட வேண்டும் என்று நினைத்தோம். உட்கார்ந்து பார்த்தபோது தெரிந்தது, குனிந்த தலைகள் பெரும்பாலும் இரண்டு இரண்டாக, மூன்று மூன்றாக இருந்தன. "மக்கா, இதப் பாரு" என்று ஒருவன் போனை நீட்டியதும் நாலு மண்டை அதன் மேல் கவியும். தோளில் கை விழும். பின்னால் நிற்பவன் முன்னால் இருப்பவனின் தலைமேல் தாடையை வைத்து எட்டிப் பார்ப்பான். போனைப் பிடுங்கிவிட்டு அவர்களை வரைந்தால், நாலு பேர் ஏன் அவ்வளவு நெருங்கி நிற்கிறார்கள் என்பதற்குப் படத்தில் காரணமே இருக்காது. நோட்டை அண்ணாச்சியிடம் காட்டினோம். ரசவடையும் டீயும் முடிகிற வரை பார்த்துவிட்டு, "ஒண்ணு ரெண்டு போன் இருக்கட்டும்" என்றார்.

இரண்டு பழைய உதாரணங்கள்

கூட்டத்தை வரைவதற்கு எங்களுக்கு இரண்டு ஆசான்கள். ஒன்று வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகை மேல்மாடிச் சுவரோவியங்கள், 18ஆம் நூற்றாண்டு. 1956 நவம்பர் 1இல் இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோதும் அரண்மனைப் பராமரிப்பு கேரளத்திடமே இருந்தது, இன்றும் அப்படித்தான். அந்தப் பாணியில் சுவரில் இடம் சும்மா கிடக்காது. உருவத்துக்கும் உருவத்துக்கும் நடுவே பூ, கொடி, நகை, இன்னொரு முகம் என்று நிரப்பிவிடுவார்கள். தெய்வங்கள் நெருக்கியடித்து நிற்பார்கள்.

இன்னொன்று தூரத்தில். பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் 1880-81இல் வரைந்த படகு விருந்து. பாரிஸுக்கு வெளியே, ஆற்றங்கரை உணவகத்தின் பால்கனியில் 14 பேர். எல்லாரும் அவருடைய நண்பர்கள், தெரிந்தவர்கள். தையல் வேலை செய்த பெண்ணும் பணக்காரரும் ஒரே மேசையைச் சுற்றி இருக்கிறார்கள். அந்தப் படத்தில் ஆட்களைக் கட்டியிருப்பது பார்வைதான். ஒருவர் இன்னொருவரைப் பார்க்கிறார், அவரோ திருப்பிப் பார்க்காமல் மூன்றாமவரைப் பார்க்கிறார். நம் கண்ணும் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே மேசையைச் சுற்றி வந்துவிடும்.

பத்மநாபபுரத்திடம் உருவங்களை ஆளுயரத்துக்கு, பார்ப்பவர் முகத்துக்கு நேராக வைக்கும் தைரியத்தை எடுத்துக்கொண்டோம். ரெனுவாரிடம் பார்வைக் கயிற்றை. இடைவெளியை என்ன செய்வது என்று இருவரிடமும் பதில் இல்லை. எங்கள் படத்தில் உருவங்கள் உண்மையான திண்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும்படி அமைத்திருந்தோம். அதாவது வரைந்த பெண்ணுக்குப் பக்கத்தில் நிஜப் பெண் வந்து உட்காரலாம். ஆகவே உருவங்களுக்கு நடுவே விடுகிற இடம் வெறும் அலங்காரம் இல்லை. அது தெருவில் உட்காருபவரின் இடம்.

இடைவெளிப் பேச்சுவார்த்தை

முதல் மாதிரிப் படத்தில் திண்டின் நடுப்பகுதியில் ஒரு பையனும் பெண்ணும். இருவருக்கும் நடுவே 4 அங்குலம். ஒரே இயர்போனின் இரண்டு முனையை ஆளுக்கொரு காதில் வைத்திருக்கிறார்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை, பஸ் வருகிற திசையைத்தான் பார்க்கிறார்கள். அந்தத் திண்டில் நாங்கள் மூன்று தடவை பார்த்த காட்சி அது.

அண்ணாச்சி அதைப் பார்த்த உடனே தாளை மடித்துவிட்டார். "இது சரிவராது. நாளைக்கு யாராவது வந்து, எனக்க மதில்ல என்ன இதுன்னு கேட்டா நான் என்ன சொல்ல?" கோபமில்லை, உண்மையான கவலை. அவரைக் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. பெயரில்லாமல் வரைந்த முகம்கூட இந்த ஊரில் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளையாகிவிடும்.

எவ்வளவு தள்ளினால் சரிவரும் என்று கேட்டோம். அவர் திண்டில் உட்கார்ந்து, பக்கத்தில் கையால் தட்டிக் காட்டினார். "நடுவுல ஒராள் இருக்கணும்." ஆளை வரைய வேண்டாம், ஓர் ஆள் உட்காரும் இடம் இருந்தால் போதும். அளந்தோம். கொஞ்சம் பெரிய உடம்புக்கும் சேர்த்து 22 அங்குலம்.

சிக்கல் இயர்போனில் வந்தது. ஒயர் இரண்டாகப் பிரிகிற இடத்திலிருந்து ஒவ்வொரு முனைக்கும் ஏறக்குறைய ஓர் அடிதான் நீளம். இருவர் தோளுக்கு நடுவே 22 அங்குலம் விட்டால் காதுக்குக் காது மூன்றடி ஆகிவிடும். ஒயர் எட்டாது. எட்டுகிற மாதிரி வரைந்தால் திண்டில் உட்காருகிற எந்தப் பிள்ளையும் ஒரு நொடியில் கண்டுபிடித்துச் சிரிக்கும். எங்களில் இளையவன் சொன்னான்: "இப்பம் எவன்ணே ஒயர் வச்சிருக்கான்? பட்ஸ் போட்டா முடிஞ்சு."

போட்டோம். பையனின் இடது காதில் ஒன்று, பெண்ணின் வலது காதில் ஒன்று. மற்ற இரண்டு காதும் காலி. நடுவே 22 அங்குலம் வெறும் காவி நிறச் சுவர். ஒயர் இருந்தபோது பார்த்த கணமே புரிந்துபோகும் படம், இப்போது காதை எண்ணிப் பார்க்கிறவர்களுக்கு மட்டும் புரியும். அண்ணாச்சி நிம்மதியாகத் தலையாட்டினார். அவர் காதை எண்ணினாரா இல்லையா என்று இன்றுவரை கேட்கவில்லை.

உண்மையைச் சொன்னால், அந்த இரவு எனக்கு எரிச்சல்தான். நாலு அங்குலம்தான் நல்ல படம் என்று நினைத்துக்கொண்டே வண்ணம் கலக்கினேன்.

உரிந்தது

வேலை முறையில் விசேஷம் ஒன்றும் இல்லை. சாரம் கட்டி, மதிலைச் சுரண்டி, பிரைமர் அடித்து, கட்டம் போட்டு உருவத்தை ஏற்றினோம். வெளிச்சுவருக்கான அக்ரிலிக் எமல்ஷன், இரண்டு கோட். 12 நாளில் முடிந்தது. கொத்தனார் ஒருவர் அந்த வழியாகப் போகும்போது மதிலின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "இது வேர்க்குத சுவர், பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். பிப்ரவரி வெயிலில் தொட்டபோது எங்களுக்குச் சுவர் காய்ந்தே தெரிந்தது. கேட்கவில்லை.

இந்த மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூன் இரண்டாம் வாரம் திண்டுக்கு மேலே வண்ணம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. விரலால் அழுத்தினால் உள்ளே தண்ணீர். உடைத்தால் பின்பக்கம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஒரு வாரத்தில் பையனின் தாடை போனது. அப்புறம் நாலு தலை கவிந்திருந்த போன், அதைப் பிடித்திருந்த கையோடு உரிந்து திண்டில் கிடந்தது.

காரணம் எளிது. மதில் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டியது. தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் அதை வெளியே விடும், அப்படியே பல காலம் நின்றிருக்கிறது. இடையில் யாரோ அடிப்பகுதியில் சிமென்ட் பூசியிருந்தார்கள். சிமென்ட் இறுக்கமானது, ஈரம் அதன் வழியாக வெளியேறாமல் மேலே ஏறியது. அங்கே எங்கள் அக்ரிலிக் பிளாஸ்டிக் தாள் மாதிரி மூடிக்கொண்டிருந்தது. ஈரம் கொண்டுவந்த உப்பு வண்ணத்துக்குப் பின்னால் படிகமாகி, வண்ணத்தைத் தள்ளிவிட்டது. சுவருக்குத் தன் வேலையைச் செய்ய இடம் விடவில்லை, அவ்வளவுதான். கொத்தனார் ஒரு கையில் கண்டுபிடித்ததை நாங்கள் நாலு மாதம் கழித்துக் கண்டுபிடித்தோம்.

இன்னொரு தவறும் அப்போதே தெரிந்தது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதை நினைத்து எங்கள் பஸ்ஸின் முன்பக்கத்துக்குப் பளிச்சென்ற பிங்க் அடித்திருந்தோம். மதில் மேற்கு பார்த்தது. நாலு மாதச் சாயங்கால வெயிலில் பிங்க் வெளுத்து, மருந்துக் கடை உறை மாதிரி ஆகிவிட்டது. மின்னுகிற மலிவு நிறங்களுக்கு வெயில் ஆகாது. இரும்புச் சத்துள்ள காவி, மஞ்சள் மண் போன்றவை அசையாமல் இருந்தன.

கீழே சுண்ணாம்பு, மேலே எமல்ஷன்

ஈரம் ஏறிய கோடு மூன்றரை அடியில் நின்றிருந்தது. அதற்கு மேல் ஓர் அடி சேர்த்து, தரையிலிருந்து நாலரை அடிவரை எல்லாவற்றையும் கொத்தி எடுத்தோம், சிமென்டையும் சேர்த்து. இம்முறை அதே கொத்தனாரையே அழைத்தோம். "அண்ணைக்கே சொன்னேன்லா" என்றார், ஒரே ஒரு தடவை. கடுக்காய் ஊறவைத்த தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்துச் சுண்ணாம்புச் சாந்து பூசினார். காய மூன்று வாரம் விட்டோம்.

அந்தச் சாந்தின் மேல் சுண்ணாம்பு வண்ணம்தான் அடிக்க வேண்டும். சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் நிறங்கள் கொஞ்சம்தான். காவி, மஞ்சள் மண், கரி, சில பச்சைகள், சுண்ணாம்பின் வெள்ளை. டப்பாக்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது சிரிப்பு வந்தது, பத்மநாபபுரத்துப் பஞ்சவர்ணம் அப்படியே உட்கார்ந்திருந்தது. ஜீன்ஸுக்கு நீலம் வேண்டுமே? அதைக் கொத்தனார் தீர்த்தார். வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் கலக்கும் அதே பொடி நீலம். சொட்டு நீலம் இல்லை, அது சாயம். பொடி நீலம் காரத்துக்கு அசையாது. சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நிறப்பொடி சேர்த்தால் உடுப்பில் ஒட்டும் என்பதால் நிறம் வெளிறித்தான் வரும். அந்த வெளிறல் ஜீன்ஸுக்குப் பொருந்திப்போனது. எமல்ஷனில் வரைந்த பழைய ஜீன்ஸ் கடையில் தொங்குகிற புதுத் துணி மாதிரி இருந்தது. இது நாலு வருடம் துவைத்தது.

பஸ்ஸின் பிங்க், காவியும் வெள்ளையும் கலந்த மங்கல் நிறமானது. பைக்கார அக்காவும் மணிமேடையும் மலையும் மேலே இருந்ததால் பழைய எமல்ஷனிலேயே தப்பின. போன் திரும்ப வந்தது. பையனுக்குத் தாடை வந்தது. 22 அங்குலத்தை மாற்றலாமா என்று அப்போது ஒரு யோசனை எழுந்தது. அண்ணாச்சியும் அன்று ஊரில் இல்லை. மாற்றவில்லை. அதற்குக் காரணம் நல்ல குணம் எதுவும் இல்லை. மார்ச் முதல் மே வரை அந்த இடத்தில் நடந்ததைப் பார்த்திருந்தோம்.

மதிலில் வேறு இடம் இருந்தாலும் வருகிறவர்கள் அந்த இடைவெளியில்தான் உட்காருகிறார்கள். தனியாக வருபவர்கள் குறிப்பாக. இரண்டு பக்கமும் ஆள் இருக்கிற இடம் அது. மீன் விற்றுவிட்டு வெறும் சட்டியோடு திரும்புகிற ஒரு பாட்டி அங்கே உட்கார்ந்திருந்ததையும் பார்த்திருக்கிறோம். அவருக்கு இரண்டு பக்கமும் ஒரே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, பாவம், அவருக்குத் தெரியாது.

மழைக்குப் பிறகு

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை அடித்தது. கீழ்ப்பகுதி மழை நாளில் கறுத்து, வெயில் வந்ததும் வெளுத்து, பழையபடி ஆனது. கொப்புளம் ஒன்றுகூட இல்லை. பெண்ணின் செருப்பு அருகே கையகலத்துக்கு உப்புப் பூத்தது, காய்ந்த பிரஷ்ஷால் தட்டினால் போய்விட்டது. தொழில்நுட்பமாக அதோடு கதை முடிந்தது.

புதிதாக ஒன்று வந்தது, எண்ணெய். திண்டில் உட்காருபவர்கள் தலையைச் சுவரில் சாய்க்கிறார்கள், நம் ஊரில் தலை என்றால் தேங்காயெண்ணெய் உண்டு. எமல்ஷனாக இருந்திருந்தால் சோப்புத் தண்ணீரில் துடைத்துவிடலாம். சுண்ணாம்பு குடித்துவிடும். ஜனவரியில் போய்ப் பார்த்தபோது திண்டு நெடுகப் பழுப்பு வட்டங்கள். மற்ற உருவங்களுக்கு நடுவே ஒன்றோ, அதுவும் இல்லாமலோ. பையனுக்கும் பெண்ணுக்கும் நடுவே உள்ள காவியில் மட்டும் மூன்று உயரத்தில் மூன்று வட்டம், ஒன்றின் விளிம்பு இன்னொன்றில் ஏறியிருந்தது.

அண்ணாச்சி குனிந்து பார்த்தார். "மூணு பேருக்க தலை. கீழ உள்ளது சின்னப் பிள்ளை" என்றார். பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற வழக்கத்தோடு அதையும் மூடிவிடலாம் என்று முடிவு செய்து, காவி கலந்து ஒரு கோட் அடித்தோம்.

மாசி பிறப்பதற்குள் நடு வட்டம் அதே உயரத்தில் திரும்ப வந்துவிட்டது. இப்போது அந்தக் காவிச் சுண்ணாம்பை ஒரு டப்பாவில் கலக்கி, எதிர்ப்பக்க டீக்கடையில் கொடுத்து வைத்திருக்கிறோம். மேலே இரண்டு விரல் தண்ணீர் நின்றால் சுண்ணாம்பு கெடாது.